தாய்வீடும் எண்ணெய்த் தோணியும்: நலவாழ்வுப் பயணம் என்பது என்ன?

சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் பேச்சு உடம்பின் பக்கம் திரும்பியது. ஒருவர், பாலக்காட்டில் ஒரு வாரம் தங்கிப் பஞ்சகர்மா செய்துகொண்டு வந்ததாகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர், "அதுதான் இப்போது பெரிய தொழிலாயிற்றே! வங்கதேசத்திலிருந்து எத்தனை பேர் அறுவை சிகிச்சைக்குச் சென்னைக்கு வருகிறார்கள்" என்றார். மூன்றாமவர், தம் மருமகள் யோகா பழகப் பாலித் தீவுக்குப் போன கதையை எடுத்தார். நான்காவது ஆள் குற்றாலத்தில் சாரல் பார்த்துவிட்டு வந்தவர். "நானும் அதைத்தான் செய்தேன், செலவுதான் குறைவு" என்று பேச்சை முடித்துவைத்தார்.

நான்கு பேரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் பேசியது ஒரே விஷயம் அல்ல. செய்தித்தாள்களும் 'மருத்துவச் சுற்றுலா', 'ஆரோக்கியச் சுற்றுலா' என்று இரண்டையும் மாற்றி மாற்றித்தான் எழுதுகின்றன. சொல் குழப்பம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தக் குழப்பத்தில் பணம் போகிறது. சில சமயம் உடம்பும் போகிறது. அதனால் அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

பிரசவம் ஓரிடம், பத்தியம் ஓரிடம்

நம் வீடுகளில் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருகிறாள். பிள்ளை பிறப்பது மருத்துவமனையில். அங்கே டாக்டர் இருக்கிறார், தேவைப்பட்டால் கத்தி இருக்கிறது, இரத்தம் ஏற்றும் வசதி இருக்கிறது. நான்கைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு உடம்பு தேறுவது தாய்வீட்டில். பூண்டுக் குழம்பு, நேரத்துக்கு வெந்நீர்க் குளியல், பகல் தூக்கம், "நீ எழுந்திருக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல ஒரு ஆள்.

மருத்துவமனைக்குப் போவதைப் போன்றது மருத்துவப் பயணம். ஏற்கெனவே இருக்கிற நோய்க்குச் சிகிச்சை பெற ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவது. வேலூரிலும் சென்னை கிரீம்ஸ் சாலைப் பக்கமும் விடுதிகளில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை தொங்குவது இதனால்தான். அந்தப் பயணிக்கு வேலூர்க் கோட்டையைப் பார்க்கும் ஆசையெல்லாம் இருக்காது. ரிப்போர்ட் எப்போது வரும் என்பதுதான் கவலை. இதைச் 'சுற்றுலா' என்று அழைப்பதே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

தாய்வீட்டுக்குப் போவதைப் போன்றது நலவாழ்வுப் பயணம். இருக்கிற உடல்நலத்தையும் மனநலத்தையும் காப்பாற்றிக்கொள்ள, அல்லது இன்னும் கொஞ்சம் மேம்படுத்திக்கொள்ள, வீட்டை விட்டு வேறிடம் போய்த் தங்குவது. குளோபல் வெல்னஸ் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க அமைப்பு தரும் விளக்கமும் ஏறத்தாழ இதுதான். போகிறவர் நோயாளி அல்ல, களைத்தவர்.

இரண்டுக்கும் நடுவில் வேலி இருக்கிறதா என்றால், கிழிந்த வேலிதான் இருக்கிறது. முதுகுவலிக்காக ஓர் ஆயுர்வேத மருத்துவமனையில் 21 நாள் படுத்து வருகிறவர் மருத்துவப் பயணி. அதே எண்ணெயை அலுப்புத் தீரத் தேய்த்துக்கொள்கிறவர் நலவாழ்வுப் பயணி. எண்ணெய் ஒன்று, நோக்கம் வேறு. நோக்கத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

போவதே அதற்காக, போன இடத்தில் அதுவும்

இந்தத் துறையைப் பற்றிப் படித்தால் மலைக்க வைக்கும் எண்கள் கண்ணில் படும். மேலே சொன்ன அமைப்பின் கணக்குப்படி, 2017-இல் மட்டும் உலகெங்கும் 83 கோடி நலவாழ்வுப் பயணங்கள் நடந்தன. அவற்றுக்குச் செலவானது 63,900 கோடி டாலர். அத்தனை பேரும் ஆசிரமத்துக்கும் வெந்நீர் ஊற்றுக்கும் போனார்களா என்ற சந்தேகம் வரத்தான் வேண்டும்.

போகவில்லை. இங்கேதான் ஒரு பிரிவினையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கு விசாரணைக்காக மதுரைக்குப் போகிறவர், "வந்ததுதான் வந்தோம்" என்று மீனாட்சியம்மனையும் பார்த்துவிட்டு வருகிறார். மீனாட்சியைப் பார்ப்பதற்கென்றே இரவு பஸ் ஏறுகிறவர் இன்னொருவர். கோயில் வாசலில் நின்று தலையை எண்ணினால் இருவரும் பக்தர்கள்தான். நலவாழ்வுக்காகவே கிளம்புகிறவரை முதன்மைப் பயணி என்றும், வேறு வேலையாகப் போன இடத்தில் ஹோட்டலிலேயே ஒரு மசாஜ், காலையில் ஒரு யோகா வகுப்பு என்று சேர்த்துக்கொள்கிறவரைத் துணைப் பயணி என்றும் சொல்கிறார்கள். 2017 கணக்கில் 89 விழுக்காடு பயணங்கள் இந்தத் துணை வகை.

ஆக, 'உலகமே நலவாழ்வைத் தேடி ஓடுகிறது' என்ற தலைப்புச் செய்தியைப் பார்த்தால், அதில் பத்தில் ஒன்பது பங்கு விசாரணைக்கு வந்த ஆட்கள் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி உண்மைதான். ஆனால் பெரிய அளவில் வளர்ந்திருப்பது, சாதாரணப் பயணத்தின் ஓரத்தில் இந்தச் சேவைகளை ஒட்டவைக்கும் பழக்கம்.

இதுவரை பார்த்தது: நோய்க்காகப் போவது மருத்துவப் பயணம், நலத்துக்காகப் போவது நலவாழ்வுப் பயணம். பின்னதிலும் அதற்காகவே போவோர் சிலர், போன இடத்தில் தொட்டுக்கொள்வோர் பலர்.

பழைய சரக்கு, புதிய பெயர்

இது நேற்று முளைத்ததும் அல்ல. 'ஸ்பா' என்கிறோமே, அது பெல்ஜியத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். அங்கே இரும்புச் சத்துள்ள ஊற்றுநீருக்காகக் கூட்டம் வந்தது. ஊரின் பெயர் தொழிலின் பெயராகிவிட்டது. நீரால் வரும் நலம் என்று பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம்தான் ஸ்பா என்று பல விளம்பரங்களில் பார்க்கலாம். அது பிற்காலத்தில் இட்டுக்கட்டியது.

செக் நாட்டின் கார்லோவி வாரியில், பூமிக்குள்ளிருந்து 70 டிகிரிக்கும் மேலான சூட்டில் நீர் பீறிட்டு 12 மீட்டர் வரை எழும்புகிறது. மற்ற ஊர்களில் நீரில் இறங்குவார்கள். இங்கே அதைக் குடிப்பதுதான் சிகிச்சையின் பெரும் பகுதி. கைப்பிடியிலேயே உறிஞ்சுகுழல் வைத்த பீங்கான் குவளையை ஏந்திக்கொண்டு, தூண் மண்டபங்களில் நடந்தபடியே மெதுவாக உறிஞ்ச வேண்டும். 2021-இல் யுனெஸ்கோ இந்த ஊரையும் சேர்த்து ஏழு நாடுகளின் 11 நீரூற்று நகரங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. ஜப்பானில் வெந்நீர் ஊற்றுக்குத் தனிச் சட்டமே உண்டு. 1948-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, ஊற்றெடுக்கும் இடத்தில் நீர் 25 டிகிரியாவது இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட 19 பொருள்களில் ஒன்றாவது உரிய அளவில் கலந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் வெந்நீர்.

நம் பக்கத்திலும் கதை உண்டு. கொடைக்கானல் உல்லாச ஊராகத் தொடங்கவில்லை. மதுரைச் சமவெளியில் காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள், உயிர் பிழைக்க மலையேறி 1845-இல் வீடு கட்டிக்கொண்ட இடம் அது.

இந்த வரிசையில் என்னை மிகவும் கவர்ந்தது ஜெர்மனி. அங்கே 'கூர்' என்றொரு வழக்கம் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுப்பார். களைத்த மனிதர் ஊற்றுநகரம் ஒன்றில் சுமார் மூன்று வாரம் போய்த் தங்குவார். பெரும் செலவைக் காப்பீடு ஏற்கும். 1990-களில் இதைப் பெரிதும் வெட்டிவிட்டார்கள். ஆனால் தாயும் குழந்தையும் சேர்ந்து போகும் 'தாய்-சேய்க் கூர்' இன்றும் நடக்கிறது. பிள்ளை வளர்த்துக் களைத்தவளை மூன்று வாரம் அனுப்பிவைக்கிறார்கள்; சமையல் அவள் கையில் இல்லை, குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. தாய்வீட்டைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்பாடு செய்து தருகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

உண்மையில் வேலை செய்வது எது?

நீரா, எண்ணெயா, மலைக்காற்றா? ஒவ்வொரு ஊரும் தன் சரக்கைத்தான் சொல்லும். வெந்நீரில் மூட்டு இளகுவதும், பிடித்துவிட்டால் தசையின் இறுக்கம் தளர்வதும் உண்மை. ஆனால் நீர் உள்ள ஊரிலும், எண்ணெய் உள்ள ஊரிலும், இரண்டும் இல்லாமல் மௌனம் மட்டுமே உள்ள இடத்திலும் போகிறவர்கள் தெளிந்து திரும்புகிறார்கள் என்றால், பொதுவான ஏதோ ஒன்று அடியில் இருக்க வேண்டும்.

அதற்கு உளவியலில் மீள்வு என்று பெயர். வேலையில் செலவழிந்த உடல், மனத் தெம்பு மறுபடி ஊறி நிறைவதுதான் மீள்வு. கிணற்றில் நாள் முழுக்க இறைத்துவிட்டு இரவு முழுக்க விட்டுவைத்தால் காலையில் நீர் ஏறியிருக்கும் அல்லவா, அதுபோல. இரவிலும் இறைத்துக்கொண்டே இருந்தால் சேறுதான் வரும்.

கிணறு ஊற என்ன வேண்டும்? சபீன் சோன்னென்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் நான்கு அனுபவங்களைச் சொன்னார்கள். முதலாவது மன விலகல். உடம்பு அலுவலகத்தை விட்டு வந்தால் போதாது, நினைப்பும் வர வேண்டும். இரண்டாவது தளர்வு; இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. மூன்றாவதுதான் பலர் எதிர்பாராதது. வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் புதிதாகக் கற்றுத் தேறுவது: நீச்சலோ, ஓர் ஆசனமோ, மண்பானை வனைவதோ. சும்மா படுத்திருப்பதைவிட இது சிலருக்கு நன்றாகத் தெளிவு தரும். நான்காவது, தன் பொழுது தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு.

இந்த நான்கில் முதலாவது மட்டும் வீட்டில் எளிதில் கிடைப்பதில்லை. சோபாவில் சாய்ந்தால் எதிரே துவைக்காத துணி தெரிகிறது, கைபேசியில் மேலாளர் தெரிகிறார். பயணம் செய்து தருவது இந்த விலகலை. பத்தியமும் அப்படித்தான். காரம் இல்லாமல், ஏழு மணிக்குச் சாப்பிட்டு, ஒன்பதரைக்குத் தூங்குவதை வீட்டில் யார் தடுத்தார்கள்? ஆனால் வீட்டில் ஒவ்வொன்றையும் நாமே முடிவு செய்து, நாமே சமைத்து, நம் ஆசையோடு நாமே சண்டையிட வேண்டியிருக்கிறது. போன இடத்தில் மணியடித்தால் கஞ்சி வருகிறது. அந்த முடிவுகளின் பாரத்தை இன்னொருவர் தலையில் இறக்கிவைக்கத்தான் நாம் காசு கொடுக்கிறோம் என்பது என் எண்ணம்.

பலன் எத்தனை நாள் நிற்கும்? 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்ற பழமொழி இங்கே கொஞ்சம் ஒத்துப்போகிறது. நெதர்லாந்தில் நீண்ட விடுமுறை எடுத்த 54 ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2013-இல் வந்தது. அவர்களுடைய நலம் விடுமுறை தொடங்கியதுமே ஏறி, எட்டாம் நாள் வாக்கில் உச்சம் தொட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் 'உங்களைப் புதிதாக்கி அனுப்புகிறோம்' என்று விற்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்; கேட்கமாட்டார்கள்.

இந்தப் பகுதியின் சாரம்: தனியொரு நீரோ எண்ணெயோ அல்ல, விலகலும் ஒழுங்கான பொழுதுமே பெரும் வேலையைச் செய்கின்றன. பலன் உண்மை, ஆனால் கரையக்கூடியது.

பஞ்சகர்மா: நம் ஊர்க் குழப்பம்

கல்யாண வீட்டு நண்பர் சொன்ன 'ஒரு வாரப் பஞ்சகர்மா'வுக்கு வருவோம். கேரளத்தில் ஆயுர்வேத மருத்துவத்துக்கு ஆழமான வேர் உண்டு, பி.எஸ்.வாரியர் கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கியது 1902-இல். நம் ஆடி மாதம் அவர்களுக்குக் கர்க்கடகம். மழை கொட்டும் அந்த மாதத்தில் மூலிகை போட்ட கர்க்கடகக் கஞ்சி குடித்து, எண்ணெய்ச் சிகிச்சை எடுத்துக்கொள்வது அவர்களின் பழைய வழக்கம். சுற்றுலாப் பயணி எட்டிப்பார்க்காத மழைக்காலத்தைக் கேரளம் இதை வைத்தே ஒரு சீசனாக்கிக்கொண்டது. அந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

பஞ்சகர்மா என்றால் ஐந்து செயல்கள். வாந்தி எடுக்கவைக்கும் வமனம், பேதிக்குக் கொடுக்கும் விரேசனம், ஆசனவாய் வழியே மருந்து செலுத்தும் வஸ்தி, மூக்கில் மருந்து விடும் நஸ்யம், இரத்தத்தை வெளியேற்றும் ரத்தமோட்சணம். ஐந்தாவது எது என்பதில் பழைய நூல்களுக்குள் வேறுபாடு உண்டு. அது நமக்கு வேண்டாம். நம் தலைமுறையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றினார்களே, அது விரேசனத்தின் ஏழைத் தங்கை.

இந்த ஐந்துக்கும் முன்னே ஒரு தயாரிப்புக் கட்டம் உண்டு: உள்ளுக்கும் வெளிக்கும் எண்ணெயும் நெய்யும் கொடுத்து, பிறகு வியர்க்கவைப்பது. பின்னே ஒரு தேற்றும் கட்டம் உண்டு: நீர்க் கஞ்சியில் தொடங்கி, நாளுக்கு நாள் கெட்டியாக்கி, வழக்கச் சோற்றுக்குத் திரும்புவது. விளம்பரப் படத்தில் தோணி போலக் குடைந்த மரப்பலகையில் ஒரு பெண் கண் மூடிப் படுத்திருப்பாள், உடம்பெல்லாம் எண்ணெய். அது பெரும்பாலும் தயாரிப்புக் கட்டம், இல்லாவிட்டால் தனியாகச் செய்யும் ஒரு சிகிச்சை. வமனத்தைப் படமெடுத்து யாரும் விற்க முடியாது அல்லவா? ஒரு வாரத் தொகுப்பில் போகும் பலருக்கும் கிடைப்பது எண்ணெயும் வியர்வையும்தான். சுவரைச் சுரண்டிவிட்டு, வெள்ளையடித்தாயிற்று என்று சொல்வது போல. எண்ணெய் தேய்த்துக்கொண்டது சுகம், அதில் தவறில்லை. ஆனால் அதன் பெயர் பஞ்சகர்மா அல்ல.

'நச்சு நீக்கம்' என்ற மந்திரம்

இந்தத் தொழிலில் மிக மலிந்த சொல் இது. உடம்பில் சேர்ந்த நச்சையெல்லாம் வெளியேற்றுகிறோம் என்பார்கள். எந்த நச்சு, எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஆண்டு முழுக்கச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன. முதல் சில நாளில் குறையும் எடையில் பெரும் பகுதி நீர். ஊருக்குத் திரும்பி இரண்டு வேளை சாப்பிட்டால் அதுவும் திரும்பிவிடும்.

என் அனுபவம் ஒன்று. கேரள எல்லைக்கு அப்பால் ஒரு நலவாழ்வு இல்லத்தில் ஒன்பது நாள் தங்கினேன். இரண்டாம் நாள் காலை தலை பிளந்தது. எண்ணெய் தேய்க்க வந்தவர் மகிழ்ந்துபோனார். "நச்சு வெளியேறத் தொடங்கிவிட்டது, நல்ல அறிகுறி" என்றார். எனக்கோ வேறு சந்தேகம். நாள்தோறும் நான்கு வேளை காப்பி குடிக்கிறவனுக்கு அங்கே ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை. காப்பியைச் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, இரண்டாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரம்கூட நீடிக்கலாம். வெளியேறிக்கொண்டிருந்தது நச்சு அல்ல, கும்பகோணம் டிகிரி காப்பி.

இதில் சிரிக்க முடியாத பக்கமும் உண்டு. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர் அங்கே போய்ப் பட்டினி கிடந்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கர்ப்பிணிகளும் இதயக் கோளாறு உள்ளவர்களும் கொதிக்கும் ஊற்றிலோ நீராவி அறையிலோ இறங்கும் முன் தங்கள் டாக்டரைக் கேட்டாக வேண்டும். உள்ளுக்குக் கொடுக்கும் மருந்திலும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. எல்லா மருந்தும் அப்படி என்று பொருள் அல்ல. மூலிகைதானே, என்ன செய்துவிடப்போகிறது என்ற அலட்சியம்தான் கூடாது.

கிளம்பும் முன்

முதலில், மருத்துவப் பயணமா நலவாழ்வுப் பயணமா என்று உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். மூன்று மாதமாக விடாத வலி இருந்தால் அது ரிசார்ட்டில் தீர்கிற விஷயம் அல்ல. உள்ளூரில் ஒரு டாக்டரைப் பார்த்து நோயின் பெயர் தெரிந்துகொண்டு, அப்புறம் கிளம்பலாம்.

போகும் இடத்தில் சிகிச்சை என்ற சொல்லைப் பயன்படுத்தினால், அங்கே படித்த மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்கலாம். ஆயுர்வேதத்துக்கு பி.ஏ.எம்.எஸ்., சித்தாவுக்கு பி.எஸ்.எம்.எஸ்., இயற்கை மருத்துவத்துக்கும் யோகாவுக்கும் பி.என்.ஒய்.எஸ். என்று பட்டங்கள் இருக்கின்றன. கேரளச் சுற்றுலாத் துறை ஆயுர்வேத மையங்களைத் தரம் பிரித்துச் சான்றிதழும் கொடுக்கிறது. உங்களைப் பார்க்காமலே, நாடி பிடிக்காமலே, இணையத்தில் பணம் கட்டியவுடன் 'உங்கள் சிகிச்சை அட்டவணை' அனுப்பிவைக்கும் இடம் என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

விலையைத் தரத்தின் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எஸ்.என்.கோயங்கா என்ற தியான ஆசிரியரின் மரபில் நடக்கும் விபாசனா தியான மையங்களில் பத்து நாள் தங்கல், சாப்பாடு, பயிற்சி எதற்கும் கட்டணம் கிடையாது. முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை கொடுக்கிறார்கள். பேச்சு இல்லை, கைபேசி இல்லை, அதிகாலை நான்கு மணிக்கு எழ வேண்டும். மன விலகல் என்று மேலே சொன்னேனே, அதை இவ்வளவு கறாராகத் தரும் இடத்தை நான் அறியேன். ஆனால் அது ஓய்வு அல்ல, உழைப்பு. மனச்சோர்வுக்கோ வேறு மனநலக் கோளாறுக்கோ சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது.

காப்பிப் பிரியர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு வேளை, இரண்டு வேளை என்று குறைத்துக்கொண்டு போகலாம். திரும்பிய மறுநாளே அலுவலகத்தில் கால் வைக்காமல், நடுவில் இரண்டு நாளாவது விட்டு டிக்கெட் எடுங்கள். பஞ்சகர்மா உண்மையிலேயே செய்திருந்தால் அந்தத் தேற்றும் கட்டத்துக்குக் கஞ்சி வைத்துத் தர வீட்டில் ஆள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்தியத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தெரிந்த மொழியில். எனக்குக் கொடுத்த சீட்டு மலையாளத்தில் இருந்தது. ஊருக்கு வந்த பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். தெருமுனைத் தேநீர்க் கடைச் சேட்டனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எனக்கு ஒரு தேநீரும் போட்டு வைத்துவிட்டுப் படிக்கத் தொடங்கினார். முதல் வரியே, 41 நாளுக்குத் தேநீரும் காப்பியும் கூடாது என்றிருந்தது.